ஐந்து பொழுதும் ஆராதனமே

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



கொடியேற்றம் தொடங்கி ஆறாட்டு ஈறாகப் பத்து நாட்கள் நடைபெறும் ஓர் உத்ஸவத்தைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பொழுது உண்டு. பள்ளியுணர்த்தலுக்குரிய வேளையில் அத்தாழ பூஜை நடவாது. ஆறாட்டுக்குரிய முகூர்த்தம் வந்தபின் கொட்டுமேளம் யாருக்காகவும் காத்திராது. மலையாள முறையில் பூஜை நடக்கும் நம் நாட்டுக் கோயில்களில் "பந்தீரடி பூஜை" என்று ஒன்று உண்டு. மனிதனின் நிழல் பன்னிரண்டு அடி நீளமாக விழும் முற்பகல் வேளையை அளவாகக் கொண்டு அமைந்த பெயர் அது. கடிகாரம் என்னும் கருவி இந்நாட்டுக்கு வருமுன்னரே, தம் நிழலை அளந்து எம்பெருமானுக்கு நேரம் தவறாமல் அமுது செய்வித்த முன்னோர் வாழ்ந்த மண் இது. திருவிழாவைக் காண வரும் நாம் இந்த நேர ஒழுங்கைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அவ்வொழுங்கில் ஒரு சிறு பகுதியேனும் நம் வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

"நேரமில்லை" என்னும் சொல்

கோட்டாறு பழைமையான வணிக நகர். தாலமி என்னும் யவன ஆசிரியர் குறிப்பிடும் "கொட்டியாரா" இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். முதற் குலோத்துங்க சோழன் காலத்தில் சோழர்களின் நிலைப்படை தங்கியிருந்த ஊரும் இதுவே. இன்றும் பொழுது புலருமுன்னரே சுமை இறக்கும் ஒலி கேட்கும் கடைத்தெரு இங்குண்டு. இத்தகைய ஊரில் வாழ்பவர்களுக்கு உழைப்பைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஆனால் இங்குள்ள அன்பர்களை நோக்கி, "தினமும் சற்று நேரம் பிரபந்தம் சேவிக்கலாகாதா? வாரம் ஒருமுறையேனும் திருப்பதிசாரம் சென்று திருவாழ்மார்பனைத் தொழலாகாதா?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் விடை ஒன்றே: "நேரமில்லை சுவாமி."

இவ்விடை பொய்யன்று, முழு உண்மையும் அன்று. 1979-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்திற்கு இருப்புப்பாதை வந்தது. கோட்டாற்றில் உள்ள ரயில் நிலையத்திற்கு, வண்டி புறப்படுவதற்கு அரைமணி முன்னதாகவே நாம் போய் நிற்கிறோம். அதே நாம், மாலைத் தீபாராதனைக்கு நடை சாத்தும் தறுவாயில் ஓடி வருகிறோம். வண்டி நமக்காகக் காத்திராது என்பது தெரியும்; பெருமாள் காத்திருப்பார் என்ற துணிவு. காலம் இல்லாமற் போனதன்று குறை. எதற்கு முதலிடம் என்பதை நாம் முடிவு செய்யாமல் விட்டதே குறை. நாம் முடிவு செய்யாத நாளை, நம்மைச் சூழ்ந்த மற்றவர்களும் மற்றவையும் முடிவு செய்துவிடுகின்றன.

காலம் யாருடைய பொருள்?

நம் ஸம்ப்ரதாயத்தில் காலம் வெறும் எண்ணிக்கை அன்று. அது ஒரு தத்துவம். பிள்ளை லோகாசாரியர் அருளிய தத்வத்ரயத்தில் அசித்து மூவகையாகப் பிரித்துக் காட்டப்படுகிறது: சுத்த ஸத்வம், மிச்ர ஸத்வம், ஸத்வ சூன்யம். இவற்றுள் மூன்றாவதாகிய ஸத்வ சூன்யமே காலம். அசித்து முழுவதும் எம்பெருமானுக்குச் சரீரமாதலின் காலமும் அவனுடைய உடைமையே ஆகும். கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் விச்வரூபம் காட்டி நின்ற கண்ணபிரான், காலமும் தானே என்று அருச்சுனனுக்கு அறிவித்தான்.

இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகப் பெறப்படும். அவனுக்குரிய ஆத்மாவை "என்னுடையது" என்று கருதுவதைப் பெரியோர் ஆத்மாபஹாரம் என்பர். அதாவது ஆத்மாவைத் திருடுதல். அவனுடைய காலத்தை "என் நேரம், என் விருப்பம்" என்று கொண்டு வீணே கழிப்பதும் அத்திருட்டின் சிறு கிளையே அன்றோ? காலம் நமக்கு இனாமாக எழுதித் தரப்பட்ட நிலம் அன்று. பாட்டத்திற்கு விடப்பட்ட நிலம். நிலத்துக்குரியவன் கணக்குக் கேட்கும் நாள் ஒன்று உண்டு. முதலாழ்வார்களில் ஒருவரான பொய்கையாழ்வாரே கழிந்துபோன நாட்களை எண்ணிக் கலங்கினார் என்றால், நம் போன்றோர் என் செய்வது?

ஒரு நாளின் கணக்கு

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். அது 48 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். அது மூன்று மணி நேரம். எட்டுச் சாமம் ஒரு நாள்.

இக்கணக்கை வைத்துக்கொண்டு ஓர் இல்லறத்தானின் நாளை அளந்து பார்ப்போம். உறக்கத்திற்கு 18 நாழிகை. அதாவது ஏழு மணி நேரத்திற்குச் சற்று மேல். தொழிலுக்கு 25 நாழிகை. அதாவது பத்து மணி நேரம். நீராடல், உணவு, போக்குவரவு, வீட்டு அலுவல்கள் ஆகியவற்றிற்கு 10 நாழிகை. ஆகமொத்தம் 53 நாழிகை. மீதி 7 நாழிகை. ஏறக்குறைய மூன்று மணி நேரம்! பத்து மணி நேரம் உழைப்பவருக்கும் மீதமாகும் இந்த ஏழு நாழிகை எங்கே போயிற்று? திண்ணைப் பேச்சிலும், பிறர் குறை ஆராய்வதிலும், இக்காலத்தில் கைப்பேசியின் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதிலும் சிறுகச் சிறுகக் கசிந்து போயிற்று. குளத்து மடையில் ஒரு விரற்கடை ஓட்டை இருந்தாலும் விடிவதற்குள் நீர் இறங்கிவிடும் என்பதை நாஞ்சில் நாட்டு உழவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பஞ்சகாலம் என்னும் நெறி

நாளை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதற்கு ஸ்ரீ பாஞ்சராத்ர ஆகமம் தெளிவான ஒரு நெறியைத் தந்திருக்கிறது. அதற்குப் பஞ்சகால ப்ரக்ரியை என்று பெயர். ஜயாக்ய ஸம்ஹிதை, பாத்ம ஸம்ஹிதை முதலிய நூல்களில் இது சொல்லப்பட்டிருக்கிறது. பொழுதுகளைப் பகுக்கும் அளவில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் இருப்பினும், அவற்றின் வரிசை மாறுவதில்லை. அவையாவன:

1. அபிகமனம்: வைகறையில் எழுந்து, நீராடி, அநுஷ்டானம் முடித்து, எம்பெருமானை அணுகி நிற்றல். "இன்றைய நாள் உன் பணிக்கே" என்று விண்ணப்பம் செய்தல்.

2. உபாதானம்: ஆராதனத்திற்கு வேண்டிய திருத்துழாய், மலர், தானியம் முதலிய பொருள்களைத் தேடிச் சேர்த்தல்.

3. இஜ்யை: நண்பகலில் திருவாராதனம் செய்து, அமுது கண்டருளப் பண்ணி, அதிதிகளுக்கு அளித்துத் தானும் உண்ணுதல். இவ்வுணவையும் அநுயாகம் என்று வழிபாட்டின் ஒரு பகுதியாகவே பெரியோர் கொண்டனர்.

4. ஸ்வாத்யாயம்: பிற்பகலில் வேதம், திவ்யப்பிரபந்தம், இதிகாச புராணம், பூர்வாசார்ய க்ரந்தங்கள் ஆகியவற்றை ஓதுதல், கேட்டல், கற்பித்தல்.

5. யோகம்: இரவில் புலன்களை ஒடுக்கி எம்பெருமானைத் தியானித்து, அவன் திருவடியில் தலைவைத்ததாக எண்ணி உறங்குதல்.

ஸ்ரீராமாநுஜர் (1017–1137) அருளிய நித்யக்ரந்தத்தில் திருவாராதன முறையாகிய இஜ்யையே விரிவாகப் பேசப்படுகிறது. ஆகவே மற்ற நான்கும் நம் தரிசனத்தார்க்கு உரியனவோ என்று ஓர் ஐயம் எழலாம். ஸ்வாமி வேதாந்த தேசிகன் (1268–1369) தம்முடைய ஸ்ரீ பாஞ்சராத்ர ரக்ஷையில் இவ்வையத்தை நீக்கி, ஐந்து காலங்களின் அநுஷ்டானமும் எம்பெருமானார் திருவுள்ளத்திற்கு இசைந்ததே என்று நிலைநாட்டினார். ஆகவே இது கற்றோர் ஏட்டில் மட்டும் கிடக்கும் செய்தி அன்று. நமக்கு உரிமையான குடும்பச் சொத்து.

வாழ்ந்து காட்டப்பட்ட நாள்

சட்டத்தைக் கேட்பது ஒன்று. அச்சட்டப்படி நடந்த ஒருவரைக் காண்பது வேறொன்று. நமக்கு அந்தப் பேறும் கிடைத்திருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் திருவாய்மொழிப்பிள்ளையை அடிபணிந்து, பின்னர்த் திருவரங்கத்தில் தரிசனத்தை நிர்வகித்தருளிய ஸ்வாமி மணவாள மாமுனிகளின் (1370–1443) ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை, அவர் சீடரான எறும்பியப்பா கண்ணாரக் கண்டு எழுதிவைத்தார். அவையே பூர்வ தினசரியை, உத்தர தினசரியை என்னும் நூல்கள். வைகறையில் எழுதல், காவிரி நீராட்டம், பெரிய பெருமாளைச் சேவித்தல், மடத்தில் அரங்கநகரப்பனுக்குத் திருவாராதனம், அடியார்களுக்குத் ததீயாராதனம் என்பன முற்பகுதியில் வருகின்றன. நூல்களை ஆராய்தல், எழுதுதல், மாலை அநுஷ்டானம், சீடர்களுக்கு உபதேசம், இரவில் தியானம் என்பன பிற்பகுதியில் வருகின்றன. முதல் மூன்று காலங்களும் பூர்வ தினசரியையிலும், பின் இரண்டும் உத்தர தினசரியையிலும் அடங்கக் காணலாம்.

ஓர் ஆசாரியரின் அற்புதங்களை எழுதாமல், அவருடைய அன்றாட நாளை எழுத வேண்டும் என்று ஒரு சீடருக்குத் தோன்றியது எண்ணத்தக்கது. மகான்களின் பெருமை ஏதோ ஒரு பெரிய நாளில் அன்று, எல்லா நாட்களிலும் இருக்கிறது என்பதை எறும்பியப்பா உணர்ந்திருந்தார். நாமும் நம்மை ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். நம்முடைய நேற்றைய தினத்தை ஒருவர் நாழிகை தவறாமல் எழுதிவைத்தால், அதனை நம் பிள்ளைகள் படிக்கத் தருவோமா?

தொழிலும் வழிபாடே, எப்போது?

ஐந்து காலங்களுள் இக்காலத்து அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இரண்டாவதாகிய உபாதானம். ஆராதனத்திற்குப் பொருள் சேர்ப்பது உபாதானம் என்றால், இல்லறத்தான் நல்வழியில் ஈட்டும் பொருளும் அதில் அடங்கும் என்பர் பெரியோர். தறியில் இருப்பவர், கடை நடத்துபவர், வயலில் இறங்குபவர், அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பவர், பள்ளியில் பாடம் சொல்பவர் ஆகிய எவரும் தம் தொழில் நேரத்தைப் பக்திக்கு வெளியே கழிந்த நேரமாக எண்ண வேண்டியதில்லை. அதுவும் ஆராதனத்தின் ஓர் அங்கமே. "வேலை இருப்பதால் பக்திக்கு நேரமில்லை" என்ற பேச்சுக்கே இந்நெறியில் இடமில்லை.

ஆயினும் எல்லாத் தொழில் நேரமும் தானாகவே உபாதானம் ஆகிவிடாது. அதற்கு மூன்று வரம்புகளைக் கொள்ளலாம்.

முதலாவது, வழி. பொய்யான எடையில் வந்த பொருளைப் பெருமாள் அமுதுபடிக்குக் கொண்டுவர இயலாது. சம்பளம் வாங்கும் நேரத்தில் வேலை செய்யாதிருப்பதும் பொய்யான எடையே. தராசுக்குப் பதில் கடிகாரத்தில் செய்த பொய். அலுவலக நேரத்தில் செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு ஸஹஸ்ரநாமம் சொல்லுதலும் முறையன்று. அது பிறருக்கு விற்ற பொழுது. விற்ற பொருளை மீண்டும் எடுத்துப் பெருமாளுக்குச் சமர்ப்பித்தல் ஆகாது.

இரண்டாவது, நோக்கம். தொழிலைத் தொடங்குமுன் கண்மூடி ஒரு கணம் நின்று, "இதனைச் செய்விப்பவன் அவன், பயனும் அவனுடையது" என்று எண்ணுதல். இதுவே ஸாத்விக த்யாகம் எனப்படும். இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அந்த ஒரு நிமிடம் அதன்பின் வரும் பத்து மணி நேரத்தின் நிறத்தையே மாற்றிவிடும்.

மூன்றாவது, அளவு. இதுவே நம்மில் பலர் தவறும் இடம். உபாதானத்திற்குப் பின் இஜ்யை வர வேண்டும் என்பது வரிசை. பூப்பறிக்கப் போனவர் பூப்பறித்துக்கொண்டே இருந்துவிட்டால், பெருமாளுக்கு மாலை ஏது? கூடை நிறைந்ததும் திரும்ப வேண்டும். சேர்ப்பதற்கென்று ஒதுக்கிய பொழுது மற்ற நான்கு பொழுதுகளையும் விழுங்கிவிட்டால், அது உபாதானம் என்னும் பெயரை இழந்து, வெறும் சேர்க்கை ஆகிவிடுகிறது. அந்தச் சேர்க்கைக்காக மனைவி மக்களோடு அமர்ந்து உண்ணும் உணவையும், முதிய பெற்றோரிடம் இரண்டு வார்த்தை பேசும் பொழுதையும் இழந்த பின்னர், "அவர்களுக்காகத்தானே உழைத்தேன்" என்று சொல்வதில் பொருளில்லை.

எது வாடும்?

ஒரே நேரத்தில் பல வேலைகள் வந்து நெருக்கும்போது எதை முதலில் செய்வது? இதற்கு அநந்தாழ்வான் சரிதம் விடை கூறும். குளிரும் காட்டு விலங்கும் மிகுந்த திருமலையில் தங்கிப் புஷ்ப கைங்கர்யம் செய்ய முன்வருபவர் யார் என்று எம்பெருமானார் கேட்டபோது, எழுந்து நின்ற ஒரே "ஆண்பிள்ளை" அவர். அங்கே நந்தவனம் அமைத்து, நாள்தோறும் திருவேங்கடமுடையானுக்கு மாலை தொடுத்து வந்தார். ஒருநாள் அவர் பூத்தொடுத்துக்கொண்டிருந்த வேளையில் எம்பெருமானிடமிருந்து அழைப்பு வந்ததாம். அவர் மாலையைக் கட்டி முடித்த பின்னரே சென்றார். அழைத்தவுடன் ஏன் வரவில்லை என்று பெருமாள் வினவியபோது, ஆசாரியர் இட்ட பணியை இடையில் விட்டுவர இயலவில்லை என்றும், மலர் வாடுமுன் தொடுக்க வேண்டியிருந்தது என்றும் அவர் விடை பகர்ந்ததாகப் பெரியோர் சொல்லுவர்.

பெருமாளின் அழைப்பையே சற்றுத் தாழ்த்திய இச்செயலைக் கேட்டு வியப்பவர் உண்டு. ஆனால் இதில் பொழுதைப் பற்றிய ஒரு பெரிய நீதி இருக்கிறது. உரக்க அழைப்பது எது என்று பார்த்து அவர் ஓடவில்லை. எது வாடும் என்று பார்த்தார். நம் வாழ்விலும் உரக்க அழைப்பவை பல: கைப்பேசி மணி, வாசலில் வந்து நிற்பவர், ஊர்வம்பு, அவசரம் என்று பெயர் சூட்டிக்கொண்டு வரும் அற்பக் காரியங்கள். வாடிப் போகிறவை ஓசையின்றி இருக்கும்: குழந்தையின் படிப்புக் காலம், தாய் தந்தையரின் இறுதி நாட்கள், நம் உடல் நலம், கண்ணொளி இருக்கும்போதே கற்க வேண்டிய நூல், கால் நடக்கும்போதே சேவிக்க வேண்டிய திவ்யதேசம். நாள்தோறும் காலையில், "இன்று நான் தொடுக்காவிட்டால் வாடிவிடும் மலர் எது?" என்று ஒரு கேள்வி கேட்டு, அதனை முதலில் முடித்துவிட்டால், மாலையில் மனச்சுமை பாதி குறைந்துவிடும்.

சிறுகச் சிறுக

"பெரிய அளவில் செய்ய நேரம் கிடைத்த பிறகு தொடங்கலாம்" என்று காத்திருப்பது மற்றொரு மயக்கம். மாமுனிகள் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே திருவாய்மொழிக்கு ஈடு முப்பத்தாறாயிரப்படி வ்யாக்யானத்தை உபந்யஸித்தது ஆவணியில் தொடங்கி மறு ஆண்டு ஆனித் திருமூலத்தில் நிறைவுற்றது. அதனைக் கேட்பதற்காக எம்பெருமானே தம் உத்ஸவங்களை நிறுத்திவைத்தான் என்பது வரலாறு. திருவாய்மொழிப் பாசுரங்கள் 1102. பத்து மாதங்களில் பகுத்தால் நாளொன்றுக்கு நான்கு பாசுரமும் ஆகாது. அவ்வளவு பெரிய காரியம் அவ்வளவு சிறிய நாட்கூறுகளால் ஆனது. அதற்கும் முன்னர், நாதமுனிகள் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 முறை ஓதியன்றோ நாலாயிரத்தையும் நமக்கு மீட்டுத் தந்தார்?

நாமும் ஒரு கணக்குப் போடலாம். ஒரு பதிகம் என்பது பெரும்பாலும் பலச்ருதியுடன் பதினொரு பாசுரம். நாளொன்றுக்குப் பதினொரு பாசுரம் சேவித்தால் 365 நாளில் 4,015 பாசுரம் ஆகிறது. அதாவது ஓராண்டுக்குள் நாலாயிரமும் ஒருமுறை முற்றுப்பெற்றுவிடும். அதற்கு நாள்தோறும் ஆவது ஒரு நாழிகைக்கும் குறைவே. இவ்வாண்டுத் திருவிழாவில் தொடங்குபவர், அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு வருமுன் சாற்றுமுறை செய்துவிடலாம். ஐம்பது ஆண்டுகள் "ஓய்வு கிடைக்கட்டும்" என்று காத்திருந்தவருக்குக் கிட்டாதது, ஒரு நாழிகையை ஒதுக்கியவருக்கு ஓராண்டில் கிட்டுகிறது.

நம் வயல்களும் இப்பாடத்தையே சொல்கின்றன. நாஞ்சில் நாட்டின் இருபோகத்திற்கும் பெயர் அறுவடை மாதத்தால் அமைந்தது. கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியில் அறுப்பது கும்பப்பூ. பயன் விளையும் மாதத்தை முன்வைத்து விதைக்கும் நாளை அமைத்த உழவர் அறிவு அது. விதைப்பு தவறினால், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை நிறைந்து நின்றாலும், பழையாறு கரைபுரண்டாலும் அந்தப் பூ போனதுதான். இளமை ஒரு கன்னிப்பூ. முதுமை ஒரு கும்பப்பூ. முதற்பூவைத் தவறவிட்டவர்க்கும் இரண்டாம் பூ உண்டு என்பது ஆறுதல். மூன்றாம் பூவுக்கு உறுதியில்லை என்பது எச்சரிக்கை.

தம் நேரம் தம் கையில் இல்லாதவர்க்கு

இங்கே ஒரு நியாயமான வினா எழும். "பஞ்சகால நெறி, தம் பொழுதுக்குத் தாமே எஜமானராக இருந்தவர்க்கு ஏற்பட்டது. விடியுமுன் பேருந்து பிடித்து, இரவு வீடு திரும்பும் தொழிலாளி என் செய்வார்? இரவுப் பணி பார்க்கும் செவிலியர் என் செய்வார்? அடுப்படியிலேயே நாள் கழியும் தாய் என் செய்வார்?"

இவர்களுக்கு மணிக்கணக்கு முக்கியமன்று, வரிசையே முக்கியம். எப்போது விழிக்கிறாரோ அப்போது அவர்க்கு அபிகமனம்: முகம் கழுவித் திருமண் இட்டு ஒருமுறை கைகூப்புதல். தொழிலுக்குச் செல்வது உபாதானம். உண்ணுமுன் "இது உன் பிரசாதம்" என்று நினைத்தல் இஜ்யையின் சாயை. பேருந்தில் அமர்ந்திருக்கும் பொழுது மனப்பாடமான ஒரு பதிகத்தை வாய்க்குள் சொல்லுதல் ஸ்வாத்யாயம். கண் அயருமுன் அன்றைய நாளை அவன் திருவடியில் ஒப்படைத்தல் யோகம். இரவுப் பணியாளர்க்கு இவ்வரிசை மாலையில் தொடங்கிக் காலையில் முடிந்தால் அதில் குற்றமில்லை.

அடுக்களையில் இருக்கும் தாயின் நிலை தனித்து நோக்கத்தக்கது. ஆகமத்தில் சொன்ன உபாதானமும் இஜ்யையும் நம் இல்லங்களில் பெரும்பாலும் அவர் கையால்தான் நடக்கின்றன. அரிசி களைவதும், அமுது சமைப்பதும், விருந்தினரை உண்பிப்பதும் அவரே. ஆனால் ஸ்வாத்யாயத்துக்கும் யோகத்துக்கும் அவருக்குப் பொழுது தருவார் யார்? வீட்டிலுள்ள ஆண்மக்கள் நாளுக்கு இரண்டு நாழிகை வீட்டு வேலையைத் தாம் ஏற்றுக்கொண்டு, அந்தப் பொழுதை அவருக்கு விடுவித்துக் கொடுத்தால், அது பாகவத கைங்கர்யம் ஆகும். நேரத்தைச் செவ்வையாகப் பயன்படுத்துதல் என்பது தன் நேரத்தைப் பேணுதல் மட்டும் அன்று. பிறர் நேரத்தைத் திருடாதிருத்தலும் ஆகும். சொன்ன வேளைக்கு வாராமல் நால்வரைக் காத்திருக்க வைப்பவர், நால்வருடைய வாழ்நாளில் கைவைத்தவர் ஆவார்.

நடைமுறைக்குச் சில

இதுகாறும் கூறியவற்றை அன்பர்கள் எளிதிற் கடைப்பிடிக்க வேண்டிச் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

• சூரிய உதயத்திற்கு 96 நிமிடம் முன்பு தொடங்கும் ப்ராஹ்ம முகூர்த்தத்தில் எழ இயலாதவர், தாம் இப்போது எழும் நேரத்திற்கு ஒரு நாழிகை முன்னதாக எழுந்து பழகுக. அந்த நாழிகையில் கைப்பேசியைத் தொடாதிருக்க.

• கடையை மூடும் நேரம் இன்னது என்று வரையறுத்து, அதன்பின் கணக்கையும் வசூலையும் வீட்டுக்குக் கொண்டு செல்லாதிருக்க.

• ஒரு வேலையைச் செய்யும்போது அதனையே செய்க. அர்ச்சகர் ஒரு கையால் தீபம் காட்டி, மறு கையால் வேறொன்று செய்வதில்லை.

• உறங்குமுன் ஐந்து காலங்களையும் விரல்விட்டு எண்ணி, இன்று எது விடுபட்டது என்று பார்க்க. விடுபட்டதற்கு வருந்தி விழித்திருக்க வேண்டாம். நாளை அதனை முதலில் செய்க.

• ஏகாதசி போன்ற நாட்களில், உணவுக்குச் செலவாகும் பொழுது மீதமாகும். அதனை ஸ்வாத்யாயத்தில் சேர்க்க.

ஒரு முகூர்த்தம் போதும்

வயது முதிர்ந்த அன்பர்கள் சிலர் இதனைப் படித்து, "காலமெல்லாம் கழிந்துவிட்டதே, இனி என்ன?" என்று ஏங்கக்கூடும். அவர்கள் கட்வாங்க மன்னனை நினைக்க வேண்டும். சூரிய குலத்தில் தோன்றிய அம்மன்னன் தேவர்களுக்காகப் போர் புரிந்தவன். தன் ஆயுளில் எஞ்சியிருப்பது ஒரு முகூர்த்தமே என்று அறிந்ததும் பூவுலகு திரும்பி, மற்றெல்லாம் துறந்து பகவானிடம் சித்தத்தை வைத்துப் பேறு பெற்றான் என்று ஸ்ரீமத் பாகவதம் பேசுகிறது. ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம். ஏழு நாட்களே எஞ்சியிருந்த பரீக்ஷித்து மன்னனுக்கு இக்கதையைச் சொல்லி, உனக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறதே என்று சுகர் தேற்றினார்.

ஆகவே எஞ்சியிருப்பது எவ்வளவு என்ற கவலை நமக்கு வேண்டா. அதனை அறிந்தவன் அவன். நாகர்கோவில் நகர் நடுவே 1893-ஆம் ஆண்டில் மூலம் திருநாள் மகாராஜா திறந்துவைத்த மணிமேடைக் கடிகாரத்தை எத்தனையோ தலைமுறையினர் அண்ணாந்து பார்த்துச் சென்றிருக்கின்றனர். கடிகாரம் மணியைச் சொல்லும். அந்த மணியில் செய்ய வேண்டியதைச் சொல்லாது. அதனைச் சொல்லவே ஆகமமும் ஆசாரியர்களும் இருக்கின்றனர்.

இத்திருவிழாவைச் சேவித்துத் திரும்பும் ஒவ்வொருவரும், பிரசாதத்தோடு ஒரு நாழிகையையும் எம்பெருமானிடமிருந்து பெற்றுச் செல்வோமாக. அந்த ஒரு நாழிகையை நாள் தவறாமல் அவனுக்கே ஆக்கினால், மற்ற 59 நாழிகையையும் அவனே நேர்ப்படுத்தித் தருவான். ஸ்ரீ ஆழ்வார், எம்பெருமானார், ஜீயர் திருவடிகள் நமக்குத் துணையாக.

சுபமஸ்து.